சார்ஜ் ஏறாத ஃபிட்னஸ் பேண்ட்: பேட்டரியைச் சந்தேகிக்கும் முன்

கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் சார்ஜரில் மாட்டிய பின்னும் திரை கறுத்தே கிடந்தால், பேட்டரி போய்விட்டது என்று பெரும்பாலோர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட இத்தகைய பட்டைகள் சிலவற்றை வாங்கிப் பிரித்தும் பிரிக்காமலும் ஆராய்ந்து பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்து வேறு. பழுது பெரும்பாலும் பட்டைக்கு உள்ளே இருப்பதில்லை. சுவரிலுள்ள அடாப்டருக்கும் பட்டையின் முதுகிலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளுக்கும் இடைப்பட்ட வழியில்தான் இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே சரியான முறை.

முதலில் மின்சாரம் வரும் இடம். இந்தப் பட்டைகளின் பேட்டரி மிகச் சிறியது. பெரும்பாலானவற்றில் 100 முதல் 200 மில்லியாம்பியர்-மணி அளவே இருக்கும். அதனால் சார்ஜ் ஆகும்போது அவை இழுக்கும் மின்னோட்டமும் சொற்பமே. பவர் பேங்குகள் பலவும், மின்னோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதித் தாமாகவே அணைந்துவிடும். பட்டை சில நொடிகள் சார்ஜ் ஆவதுபோல் காட்டிவிட்டு நின்றுபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். டைப்-சி முனையுள்ள மலிவான சார்ஜர்களில் வேறொரு சிக்கல் உண்டு. டைப்-சி அடாப்டர், மறுமுனையில் 5.1 கிலோஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். அந்த ஒரு சிறு உறுப்பைச் சேர்க்காமல் தயாரிக்கப்பட்ட சார்ஜர் எவ்வளவு நேரம் செருகியிருந்தாலும் ஒன்றும் நடக்காது. வேகமாகச் சார்ஜ் செய்யும் அடாப்டர்கள் பட்டையை எரித்துவிடும் என்ற அச்சத்துக்கு மட்டும் பெரிய அடிப்படை இல்லை, ஏனெனில் இணைக்கப்பட்ட கருவி கேட்டால்தான் அவை 5 வோல்ட்டைத் தாண்டும். பட்டை அப்படிக் கேட்பதில்லை. எனினும் சோதனைக்கு மிகவும் நம்பகமானது, பழைய சாதாரண 5 வோல்ட் அடாப்டர் அல்லது கணினியின் அகலமான யூ.எஸ்.பி. துளை.

அதே மாதிரிப் பட்டை வைத்திருப்பவர் யாரேனும் இருந்தால் அவருடைய சார்ஜரை ஒரு முறை இரவல் வாங்கிப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஆனால் வேறு மாதிரியின் சார்ஜர் அளவில் பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது. நேர்முனையும் எதிர்முனையும் அதில் இடம் மாறியிருந்தால் நல்ல பட்டையும் கெட்டுப்போகலாம்.

அடுத்தது, பட்டையின் முதுகிலுள்ள தொடுபுள்ளிகள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். வியர்வையில் உப்பு இருக்கிறது. அத்துடன் தோலின் எண்ணெய்ப்பசை, சோப்பு, வெயிலுக்குப் பூசும் களிம்பு எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகக் காய்ந்துபோகும். அந்தப் படலமே தொடர்பைத் தடுக்கப் போதுமானது. ஆனால் அதைவிடப் பெரிய சேதம், பட்டையை ஈரத்தோடு சார்ஜரில் வைக்கும்போது ஏற்படுகிறது. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 5 வோல்ட் நிற்க, நடுவே உப்புநீர் இருந்தால் அங்கே மின்னாற்பகுப்பு தொடங்கிவிடும். நேர்முனையின் உலோகம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். பழுதான பட்டைகளில் ஒரு புள்ளி பளபளப்பாகவும் இன்னொன்று மட்டும் அரித்துக் குழிவிழுந்தும் இருப்பதைக் கவனித்தால் இதன் சுவடு தெரியும். வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் காய்ந்த உப்பு. பச்சையாக இருந்தால், மேலிருந்த தங்கமுலாமும் அதன் கீழிருந்த நிக்கலும் தேய்ந்து, அடியிலுள்ள செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சுத்தம் செய்வதற்கு 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியும், மென்மையான பழைய பல்துலக்கியும் போதும். சார்ஜரை முதலில் மின்இணைப்பிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஓரங்களில் ஒட்டியிருக்கும் அழுக்கை மரத்தாலான பல்குத்தும் குச்சியால் சுரண்டலாம். ஊசி, கத்தி, உப்புத்தாள் மூன்றும் ஆகாது. தங்கமுலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இல்லாத கனத்தில் இருப்பதால், உப்புத்தாளால் இரண்டு முறை தேய்த்தால் அன்றைக்குப் பட்டை உயிர்பெறும், ஆனால் அதன் பிறகு அரிப்பைத் தடுக்க அங்கே ஒன்றுமே மிஞ்சாது. அழிரப்பரால் தேய்க்கச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் மெல்ல மெல்ல முலாமை எடுப்பதுதான் என்பதால் கடைசி வழியாகவே அதைக் கருதுகிறேன். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பொதுவாக அசிட்டோன் இருக்கும்; அது பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்பதால் கிட்டவே கொண்டுவரக் கூடாது.

சார்ஜரின் பக்கத்தையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். அங்குள்ள பின்கள் வெறும் உலோகக் கம்பிகள் அல்ல. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு நுண்ணிய சுருள்வில் இருக்கிறது. அழுக்கு இறங்கினால் பின் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சார்ஜரைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் எல்லாப் பின்களும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்பது தெரியும். ஒன்று அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் அது பட்டையைத் தொடாமல் போகலாம். ஒரு துளி ஆல்கஹாலை விட்டு, குச்சியின் முனையால் அந்தப் பின்னைப் பல முறை அமுக்கி விடுவித்தால் பெரும்பாலும் மேலே எழும்பிவிடும். பின்கள் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், பட்டையைச் சார்ஜரோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். அப்போது மட்டும் சார்ஜ் ஏறினால், கவ்வியோ காந்தமோ தளர்ந்துவிட்டது, அல்லது திரையைக் காக்க மாட்டிய உறை பட்டையைத் தூக்கிப் பிடிக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். ரப்பர் பேண்டோடு பட்டையை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

வீட்டில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை. நேர்மின்னோட்ட வோல்ட் அளவையில் 20-க்கு வைத்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று உரசாதபடி சார்ஜரின் பின்களைத் தொட்டால் ஏறத்தாழ 5 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கேபிள் பெரும்பாலும் கழுத்துப் பகுதியில் அறுந்திருக்கும். அந்த இடத்தை மெல்ல வளைத்துக்கொண்டே அளந்தால் எண் வந்து வந்து போவதைக் காணலாம். நான்கு பின்கள் உள்ள சார்ஜர்களில் சில பின்கள் தகவல் பரிமாற்றத்துக்கு உரியவை. அவற்றில் வோல்ட் இல்லையே என்று கலங்க வேண்டாம்.

மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த பட்டையாக இருந்தால், மேற்சொன்னவற்றோடு பொறுமையும் தேவைப்படும். லித்தியம் பேட்டரி முழுதும் நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்டும். அது 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், உள்ளேயிருக்கும் சார்ஜிங் சில்லு வழக்கமான மின்னோட்டத்தை உடனே பாய்ச்சாது. அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை மட்டும் சொட்டுச்சொட்டாக விட்டு, பேட்டரி தேறிய பிறகே வேகத்தைக் கூட்டும். இந்தக் கட்டத்தில் திரையை ஒளிரவைக்கக்கூட ஆற்றல் இருக்காது என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோலவே தோன்றும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதுதான் இங்கே நாம் செய்யக்கூடிய மிக மோசமான செயல். இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும், கண்காணிக்க ஆள் இருக்கும் இடத்தில்.

அதற்குப் பின்னும் அசைவில்லை என்றால், வெளியிலிருந்து நேரடியாகப் பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்து எழுப்பலாம் என்று சொல்லும் காணொளிகளை நம்பி இறங்காதீர்கள். மிகவும் வற்றிய லித்தியம் பேட்டரியில் எதிர்மின்வாயைத் தாங்கும் செம்புத் தகடு கரைந்து, மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குத்தொடர்பை உண்டாக்கக்கூடும். சில்லு மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வெப்பநிலையும் மறந்துபோகும் ஒரு காரணம். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்ய விடுவார்கள். வெயிலில் கிடந்த பட்டையை எடுத்தவுடன் மாட்டினால் உணரி சார்ஜ் செய்வதை நிறுத்தி வைத்திருக்கலாம். நிழலில் அரைமணி நேரம் ஆறவிட்டால் போதும். மென்பொருள் உறைந்துபோவதும் உண்டு. பட்டை சார்ஜரில் இருக்கும்போதே அந்தந்த மாதிரிக்குரிய முறையில், பெரும்பாலும் பொத்தானைப் பத்து நொடிக்கு மேல் அழுத்தி, மறுதொடக்கம் செய்யலாம். எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் உதவாது. கைபேசிக்கு இன்னும் போய்ச் சேராத நடைக்கணக்கும் தூக்கக்கணக்கும் வீணாவதுதான் மிச்சம்.

இவ்வளவுக்கும் பிறகு, புள்ளிகள் சுத்தமாக இருந்து, 5 வோல்ட் ஒழுங்காக வந்தும் பட்டை அசையாவிட்டால் கோளாறு உள்ளேதான். என் வரையில் எல்லைக்கோடு இங்கே. இந்தப் பட்டைகள் பசையால் ஒட்டி மூடப்பட்டவை, 5 ஏ.டி.எம். என்று பொறித்திருப்பது 50 மீட்டர் ஆழத்து அசைவற்ற நீரின் அழுத்தத்துக்கு ஈடான சோதனையைக் குறிக்கும். ஒருமுறை சூடேற்றித் திறந்துவிட்டால் அந்தக் காப்பு வீட்டில் ஒட்டும் பசையால் திரும்பி வருவதில்லை. பழுது பார்க்கும் ஆர்வத்துக்காகத் திறப்பவரை நான் தடுக்கமாட்டேன். மீண்டும் மழையிலும் குளியலிலும் அணியலாம் என்று நினைத்துத் திறப்பவரைத் தடுப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கோருகிறது. நீரில் புழங்குவதற்கென்றே வடிவமைத்த கருவிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு என்பதால், கைப்பட்டைகளின் நிலை எவ்வளவு மாறும் என்பதில் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

திரை ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ, முதுகு புடைத்திருந்தாலோ, சார்ஜில் வைக்கும்போது கை பொறுக்காத சூடு தெரிந்தாலோ மேற்சொன்ன எந்தச் சோதனையையும் செய்யக் கூடாது. பேட்டரி உப்பத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். 2022 மார்ச்சில் ஃபிட்பிட் நிறுவனம் தன் அயானிக் கைக்கடிகாரங்களைத் திரும்பப் பெற்றதற்கு, பேட்டரி அளவுமீறிச் சூடாகித் தீக்காயம் உண்டாக்கியதே காரணம். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் விற்றிருந்தன. அப்படிப்பட்ட பட்டையை அழுத்தாமல், குத்தாமல், எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு போனால் நசுக்கும் வண்டியில் அது தீப்பற்றக்கூடும்.