வகையை எந்த அடைப்புக்குள் எழுதுவது? ஜெனரிக்ஸ், ரிஃப்ளெக்ஷன் மறுதேர்வு அனுபவம்

கடந்த வெள்ளிக்கிழமை மாலை மறுதேர்வு முடிவு வந்தது. டிசம்பரில் தவறவிட்ட நிரலாக்கத் தாளில் இம்முறை தேர்ச்சி பெற்றுவிட்டேன். மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரிலுள்ள வீட்டில் அம்மா விளக்கேற்றி முடிப்பதற்குள் அந்த மதிப்பெண்ணை மூன்று முறை படித்துப் பார்த்தேன். அடுத்த அணியில் இதே தாளை எழுதப்போகும் தம்பி தங்கையருக்காக, நினைவு மங்குவதற்கு முன் இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால் நேராக ஐந்தாவது வினாவுக்கு வருகிறேன், ஏனெனில் நான் விழுந்த இடமும் எழுந்த இடமும் அதுவே.

டிசம்பர் வினா இதுதான். அமைப்புக் கோப்பிலிருந்து ஒரு கிளாஸின் (நிரலில் வரையறுக்கப்படும் வகையின்) பெயர் வெறும் எழுத்துச்சரமாக வருகிறது. அந்த வகைக்கு ஏற்ற ஜெனரிக் மெத்தடை, அதாவது பல வகைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டு, அழைக்கும்போது வகையைக் கேட்கும் செயற்கூறை, அழைக்க வேண்டும். பெயரைக் கொண்டு வகையைத் தேடி எடுத்து, ‘வகைப்பொருள்’ என்ற மாறியில் வைத்தேன். அதுவரை சரி. பிறகு அந்த மாறியைக் கோண அடைப்புக்குள் எழுதி மெத்தடை அழைத்துவிட்டேன். நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் சி ஷார்ப் கம்பைலர் இதைப் பார்த்தால், இது மாறி, ஆனால் வகையைப் போலப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று மறுத்துவிடும். தாளில் கம்பைலர் இல்லை. பின்வந்த பிரிவுகள் எல்லாம் அந்த ஒரு வரியை நம்பியிருந்ததால் 25 மதிப்பெண்களில் பெரும்பகுதி போயிற்று.

இந்தப் பிழை ஏன் நேர்ந்தது என்று வாரக்கணக்கில் யோசித்தேன். வீட்டில் கிரியோல், வகுப்பில் ஆங்கிலம், கோவில் மாலைப் பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவன் நான். முதல் இரண்டு மொழிகளிலும் ஒரே சொல்லாக என் காதில் விழுந்த ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் அது இரண்டு பொருளாகப் பிரிந்தது: ஒன்று வகை, மற்றொன்று வகையைப் பற்றிய பொருள். கோண அடைப்புக்குள் வருவது வகை. அதை நிரல் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். கம்பைலர் அதைப் படித்துச் சரிபார்க்கிறது. பிறை அடைப்புக்குள் போவது வகையைப் பற்றிய பொருள். அது நிரல் ஓடும்போது பிறக்கிறது, எனவே மாறியில் வைக்கலாம், பட்டியலில் சேர்க்கலாம், இன்னொரு மெத்தடுக்கு அனுப்பலாம். முன்னதிலிருந்து பின்னதற்குப் போவது எளிது. பின்னதிலிருந்து முன்னதற்குத் திரும்ப, ஓடும் நிரல் தன் வகைகளையும் மெத்தட்களையும் தானே ஆராய்ந்து பயன்படுத்தும் ரிஃப்ளெக்ஷன் என்ற பாலம் வேண்டும்.

அந்தப் பாலம் சி ஷார்ப்பில் மூன்று படி கொண்டது. கெட்மெத்தட் மூலம் மெத்தடின் விவரத்தை எடுக்க வேண்டும். மேக்ஜெனரிக்மெத்தடுக்கு வகைப்பொருளைக் கொடுத்து, திறந்திருக்கும் வகை இடத்தை அடைக்க வேண்டும். அதன் பிறகே இன்வோக். நடுப்படியை மறந்தால், வகை இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்று ஓடும் நேரத்தில் பிழை எழும். கிளாஸுக்கும் இதே முறைதான்: டைப்ஆஃபுக்குள் லிஸ்டை வெற்றுக் கோண அடைப்போடு எழுதி, மேக்ஜெனரிக்டைப் செய்து, ஆக்டிவேட்டரால் உருவாக்க வேண்டும். ஆனால் திரும்பி வருவது வெறும் ஆப்ஜெக்ட். அந்த லிஸ்ட் எந்த வகையினது என்பதை ஓடும் நிரல் அறியும், கம்பைலர் அறியாது. எனவே அதை ஜெனரிக் அல்லாத ஐலிஸ்ட் போன்ற ஓர் இன்டர்ஃபேஸ் வழியாகக் கையாளலாம். இதை ஒரு வரியில் எழுதியதற்கு மே மாத மறுதேர்வுத் தாளில் தனி மதிப்பெண் கிடைத்தது என்று நம்புகிறேன்.

ஜாவாவில் கதை வேறு. 2004இல் வந்த ஜாவா 5 பதிப்பில் ஜெனரிக்ஸ் சேர்க்கப்பட்டபோது, அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களும் அவற்றோடு சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, கம்பைலர் சரிபார்த்த பின் வகை விவரத்தை அழித்துவிடும் டைப் இரேஷர் முறையைக் கொண்டார்கள். பாட்டி சமையலறை டப்பாக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒவ்வொன்றிலும் உரியது மட்டும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அடுக்கிய பின் சீட்டுகளை உரித்துவிட்டால் எப்படியோ அப்படித்தான் இது. ஸ்ட்ரிங் லிஸ்டும் இன்டிஜர் லிஸ்டும் ஓடும் நேரத்தில் ஒரே கிளாஸ். ஆகவே ‘டி’ என்ற வகை எழுத்தை வைத்துப் புதிய பொருள் உருவாக்க இயலாது, புதிய அரே உருவாக்க இயலாது, டி டாட் கிளாஸ் என்று எழுதவும் இயலாது. 2005இல் டாட்நெட் 2.0 உடன் வந்த சி ஷார்ப் ஜெனரிக்ஸில் வகை ஓடும் நேரத்திலும் அழியாமல் இருப்பதால் அங்கே டைப்ஆஃப் டி செல்லும். நியூ என்ற கட்டுப்பாட்டை வைத்தால் புதிய பொருளும் உருவாக்கலாம்.

உரித்த சீட்டுக்கு ஈடாக ஜாவாவில் கிளாஸ்<டி> என்ற பாராமீட்டரைப் பிறை அடைப்புக்குள் வாங்குகிறோம். கிளாஸ் என்பதே ஜெனரிக் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம்: ஸ்ட்ரிங் டாட் கிளாஸை அனுப்பினால் டி என்பது ஸ்ட்ரிங் என்று கம்பைலரே ஊகித்துக்கொள்ளும்; திரும்பி வரும் மதிப்பை அழைப்பவர் வகை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே பொருளை உருவாக்க, கிளாஸின் சொந்த நியூஇன்ஸ்டன்ஸை எழுதாதீர்கள். ஜாவா 9 முதல் அது ‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் வீசும் பிழைகளைக் கம்பைலரின் கண்ணில் படாமல் கடத்திவிடுவதே அதன் குறை. கெட்டிக்ளேர்டுகன்ஸ்ட்ரக்டர் வழியாகவே போங்கள்.

சிறப்பு மதிப்பெண் வேண்டுவோர் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். சீட்டு உரிக்கப்படுவது பொருளிலிருந்து மட்டுமே. ஃபீல்டு, மெத்தட், மேல்கிளாஸ் ஆகியவற்றின் அறிவிப்புகளில் ஜெனரிக் விவரம் கிளாஸ் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. ஜேசான் தரவை ஜாவா பொருளாக மாற்றும் ஜிசான் நூலகத்தின் டைப்டோக்கன், பெயரில்லாத ஒரு துணைக்கிளாஸை உருவாக்கி, அதன் மேல்கிளாஸ் அறிவிப்பிலிருந்து ‘ஸ்ட்ரிங்குகளின் லிஸ்ட்’ என்ற முழு வகையையும் மீட்பது இந்த வழியில்தான்.

இனி என்னைக் காப்பாற்றிய ஒரே உத்தி. ஜனவரியில் சூறாவளிக்கு மூன்றாம் நிலை எச்சரிக்கை விடுத்து எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது மின்சாரமும் போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் குறிப்பேட்டில் நிரல் எழுத உட்கார்ந்தேன்: கம்பைலர் அறிந்த வகைகளை நீல மையிலும், ஓடும் நேரத்தில் பிறப்பவற்றைச் சிவப்பு மையிலும். சிவப்புச் சொல் கோண அடைப்புக்குள் நின்றால் அந்த வரி தவறு. இரண்டு நாளில் நாற்பது பக்கங்கள் எழுதினேன். முதல் பத்துப் பக்கங்களில் அதே பிழை ஆறு இடங்களில் இருந்தது, கடைசிப் பத்தில் ஒன்றுகூட இல்லை. கணினியில் பழகினால் கம்பைலர் திருத்திக்கொண்டே வரும், கை கற்றுக்கொள்ளாது. தேர்வோ கையால் எழுதும் தேர்வு. நண்பர்கள் கூடிப் படித்தார்கள், அவர்களுக்கு அது பயன்பட்டது. எனக்குத் தனிமையும், காலை மெட்ரோவில் போர்ட் லூயி போகும் வழியில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டுவதும்தான் ஒத்துவந்தன.

கடைசிப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை:

– சி ஷார்ப்பில் பொதுவல்லாத மெத்தடைத் தேட நான்பப்ளிக் கொடி மட்டும் போதாது. இன்ஸ்டன்ஸ் அல்லது ஸ்டேட்டிக் கொடியும் வேண்டும். இல்லையேல் நல் (null, வெற்று மதிப்பு) வரும்.
– ஒரே பெயரில் பல மெத்தட்கள் இருந்தால் பாராமீட்டர் வகைகளையும் கொடுக்க வேண்டும்.
– ஜாவாவில் இன்ட் டாட் கிளாஸும் இன்டிஜர் டாட் கிளாஸும் வேறு வேறு. மாற்றி எழுதினால் மெத்தட் கிடைக்காது.
– அழைக்கப்பட்ட மெத்தட் வீசும் பிழை வேறொரு பிழைக்குள் சுற்றப்பட்டு வரும். ஜாவாவில் கெட்காஸ், சி ஷார்ப்பில் இன்னர்எக்ஸெப்ஷன்.
– ஸ்டேட்டிக் மெத்தடுக்குப் பொருளின் இடத்தில் நல்.

மே மாதத்தில் ஐந்தாவது வினாவின் இறுதிப் பிரிவு, இங்கே ரிஃப்ளெக்ஷன் தேவையா என்று கேட்டது. கோப்பில் வரக்கூடிய பெயர்கள் மூன்றே, அவற்றின் கிளாஸ்கள் நிரலிலேயே இருந்தன. ஆகவே தேவையில்லை என்று எழுதி, பெயரிலிருந்து, பொருளை உருவாக்கித் தரும் சப்ளையருக்குப் போகும் ஒரு மேப்பை வரைந்து காட்டினேன். அதில் ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரையும் கம்பைலரே சரிபார்த்துவிடும். நிரல் எழுதும்போது இல்லாத கிளாஸ் பின்னால் வந்து சேரக்கூடிய இடத்தில்தான் ரிஃப்ளெக்ஷன் தவிர்க்க முடியாதது என்றும் சேர்த்தேன். சிவப்பு மைக்கு அங்கே அனுமதி இல்லாததால், ஓடும் நேரத்துச் சொற்கள் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடிட்டுச் சரிபார்த்த பிறகே விடைத்தாளைக் கொடுத்தேன்.