வாட்ஸ்அப்பில் வந்த விசாவை வாசிப்பது எப்படி?

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், கருங்கல், மார்த்தாண்டம் என்று குமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் கல்ஃபுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விசா இப்போது பெரும்பாலும் ஏஜென்ட் போனிலிருந்து ஒரு பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஃபார்வர்டு ஆகும், ட்ராவல்ஸில் திருவனந்தபுரம் டிக்கெட் விலை விசாரிப்பார்கள். அந்தத் தாளை வரி வரியாக வாசிக்கத்தான் ஆள் இருக்காது. ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பலருடைய விசாவில் விஷயம் முதலிலேயே எழுதியிருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது விசாவின் வகை. துபாய், ஷார்ஜா, அபுதாபி என்றால் தாளின் மேல்பகுதியிலேயே அது வேலைக்கான நுழைவு அனுமதியா, டூரிஸ்ட் அல்லது விசிட் விசாவா என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். 30 நாள், 60 நாள் தங்கலாம் என்று போட்டு, வேலை என்கிற சொல்லே இல்லாமல் வந்தால் அது விசிட். “போய் இறங்கு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்பார் ஏஜென்ட். மாற்ற வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் வேலை பெர்மிட் கைக்கு வரும் முன் ஒரு நாள் வேலை செய்தாலும் அங்கே அது சட்டவிரோதம். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024-இல் அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை உயர்த்திவிட்டார்கள். ஆகவே, சோதனை வந்தால் உங்களை முதலில் கைகழுவுவது அந்த முதலாளியாகத்தான் இருக்கும்.

எமிரேட்ஸ் விசாவில் ஒரு ஃபைல் நம்பர் இருக்கும். அதன் தொடக்கம் எந்த எமிரேட் என்று சொல்லிவிடும். 101 அபுதாபி, 201 துபாய், 301 ஷார்ஜா. “துபாய் கம்பெனி” என்று பேசிவிட்டு வேறு எண்ணில் விசா வந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. துபாய் விசாவை அந்த எமிரேட்டின் குடியேற்றத் துறைத் தளத்திலும், மற்ற எமிரேட்டுகளின் விசாவை ஐ.சி.பி. எனும் அந்நாட்டு மத்திய அடையாள, குடியுரிமைத் துறைத் தளத்திலும் ஃபைல் நம்பர், பாஸ்போர்ட் விவரம் கொடுத்து நீங்களே பார்க்கலாம். தளத்தில் வராத விசாவை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம். க்யூ.ஆர். கோடு இருக்கிறதே என்று சொல்வார்கள். கோடு எதையும் காட்டும். ஸ்கேன் செய்தால் திறக்கும் பக்கம் அரசுத் தளம்தானா என்று முகவரியைப் பாருங்கள்.

வேலை விசாவுக்கு முன்னால் ஆஃபர் லெட்டர் வர வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் டைப் அடித்துத் தருவது கணக்கில் சேராது. எமிரேட்ஸ் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில், அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தொழிலாளியின் மொழியிலும் அது தரப்படும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. தமிழ்ப் பிரதி கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். 1,500 திர்ஹாம் என்று பேசி, தாளில் அடிப்படை 700 என்று இருந்தால் இழப்பு பிற்பாடுதான் தெரியும்.

சவுதி விசாவில் கவனமெல்லாம் தொழில் என்கிற கட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே அரபியில் எழுதியிருப்பதுதான் கடைசிவரை செல்லுபடியாகும். கடலுக்குப் போகிறவருக்கு ‘ஸய்யாத்’ என்று இருக்க வேண்டும், மீன்பிடிப்பவர் என்று பொருள். ‘ஸாயிக் காஸ்’ என்று இருந்தால் வீட்டு டிரைவர். அந்த விசா வீட்டுவேலைக்காரர் கணக்கில் சேரும், சட்டமும் புகாருக்குப் போகும் இடமும் வேறு. போட்டில் ஏற்றுவோம் என்று சொல்லி வீட்டு டிரைவர் விசாவில் கூட்டிப் போனால், கடலில் சோதனை வரும்போது தொழில் பொருந்தாத குற்றம் உங்கள் தலையில். அரபி தெரியாதே என்று விட வேண்டாம். போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்ப்பு ஆப் வாசித்துவிடும், அல்லது ஊரில் பத்து வருஷம் சவுதியில் இருந்து வந்த ஒருவரிடம் காட்டினால் ஒரு நிமிஷ வேலை. சவுதியில் இறங்கிய 90 நாளுக்குள் இகாமா என்கிற தங்கும் அனுமதி அட்டை எடுத்துத் தருவது முதலாளி பொறுப்பு. எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற தொழில்களுக்கு விசாவுக்கு முன்பே இந்தியாவில் திறன் தேர்வு எழுத வேண்டியிருக்கும். “தேர்வெல்லாம் வேண்டாம், பார்த்துக்கொள்கிறேன்” என்று ஏஜென்ட் சொன்னால், விசாவில் அவர் போடப்போகும் தொழில் வேறாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மீனவர் ஒப்பந்தத்தில் இன்னொரு சிக்கல், சம்பளத்துக்குப் பதில் பிடிக்கும் மீனில் பங்கு தரும் முறை. நம் கரையில் பங்குக்குப் பழகியவர்கள் அங்கேயும் அப்படியே ஒத்துக்கொள்கிறார்கள். எழுத்தில் மாதச் சம்பளம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், பங்கு அதற்கு மேலே வரட்டும். மீன்பாடு இல்லாத மாதங்களில் சாப்பாட்டுக் கடன் ஏறி, அந்தக் கடன் தீராமல் ஊருக்கு விடமாட்டேன் என்று பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதுதான் வழக்கமான கதை.

ஒப்பந்தத்தை முன்கூட்டியே பார்க்கும் விஷயத்தில் கத்தார் எவ்வளவோ மேல். கைரேகை, மெடிக்கல், ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் இந்தியாவிலுள்ள கத்தார் விசா மையத்திலேயே முடியும். குமரிக்காரர்களுக்குக் கொச்சி மையம் பக்கம், சென்னையிலும் உண்டு. அங்கே திரையில் காட்டும் சம்பளமும் தொழிலும் ஏஜென்ட் சொன்னதோடு பொருந்தவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம். கட்டணம் முதலாளியுடையது. “மையத்துக்கு இவ்வளவு ரூபாய்” என்று உங்களிடம் கேட்டால் அது ஏஜென்ட் பைக்குத்தான்.

அடுத்து பெயர். நம் ஆட்களுக்கு அதிகம் இடறுவது இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்து எழுத வேண்டும். சிலர் அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போடுகிறார்கள், சிலர் கட்டத்தையே காலியாக விட்டுவிடுகிறார்கள். காலியாக விட்டால் ஒற்றைப் பெயர். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பர் 21-இல் எமிரேட்ஸ் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பார்கள் என்று பின்னால் விளக்கமும் வந்தது. ஆனாலும் செக்-இன் கவுன்ட்டரில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கு ஆசை? அமெரிக்க விசாவில் இதற்கு வேறு வழி: இருக்கிற ஒற்றைப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய், பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று மூன்று எழுத்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு, லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயர் மாதிரி தொடரும்.

நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை எழுத்துக்கூட்டு. யேசுதாசன் ஒரு சான்றிதழில் ஆங்கில ஒய்-யில் தொடங்குவார், இன்னொன்றில் ஜே-யில். மரியா சில இடத்தில் ஐ-யோடு நிற்பாள், சில இடத்தில் ஒய் சேர்த்துக்கொள்வாள். விசா எடுப்பவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து டைப் செய்யாமல், நீங்கள் அனுப்பிய ஆதாரைப் பார்த்து டைப் செய்தால் போதும், ஒரு எழுத்து மாறிவிடும். விசா வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இங்கே இருக்கும்போது திருத்துவது முதலாளிக்குச் சின்ன வேலை. இறங்கிய பிறகு இகாமா, இன்சூரன்ஸ், வங்கி என்று ஒவ்வொன்றிலும் அந்தப் பிழை போய் ஒட்டிக்கொள்ளும். சர்நேம் பிரிக்க, எழுத்துத் திருத்த, பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குப் போடலாம்: 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் மேலே 2,000. கடலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் ஈரம் ஏறிப் படத்தாளின் ஓரம் பிரிந்த பாஸ்போர்ட், சேதமான பாஸ்போர்ட். அதை மாற்ற 3,000 ரூபாய். ஃபெவிக்கால் போட்டு ஒட்டினால் இமிக்ரேஷனில் திருத்தல் சந்தேகம் வேறு வரும்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பகுதியில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று அச்சிட்டிருந்தால், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் இமிக்ரேட் தளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். வளைகுடாவின் ஆறு நாடுகளும் அதில் உண்டு, மலேசியாவும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அந்த முத்திரை தேவையில்லை, சான்றிதழைக் காட்டி நீக்கிக்கொள்ளலாம். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் விசிட் விசாவை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரைத்தான் இமிக்ரேஷன் கவுன்ட்டரில் பிடித்து நிறுத்துகிறார்கள். நர்ஸ்களுக்கு நிலைமை வேறு. 2015-லிருந்து இந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸுக்கு, பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இல்லாவிட்டாலும் அனுமதி கட்டாயம். நர்ஸ்களை அனுப்பும் அரசு நிறுவனங்களில் தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கேரளத்துக்கு நோர்க்கா. ஈரான் அந்த 18-இல் கிடையாது; அங்கே மீன்பிடிக்கப் போகிறவருக்கு இந்தக் கட்டாயக் காவல் எதுவும் கிடையாது என்று அர்த்தம். 2020-இல் கொரோனா சமயத்தில் அங்கே மாட்டிக்கொண்ட நம் மீனவர்களைக் கடற்படைக் கப்பலில் தூத்துக்குடிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அனுமதி எடுக்கும்போதே பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸும் சேரும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்து மரணத்துக்கு 10 லட்சம். பாலிசித் தாள் வீட்டில் இருக்கட்டும், ஆள் கையில் அல்ல.

பணம். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 35,400. ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேசுகிறவர் பெரும்பாலும் லைசென்ஸ் உள்ள இன்னொருவரின் பெயரில் ஆள் பிடிக்கும் சப்-ஏஜென்ட். அந்த வேலையே சட்டத்தில் இல்லை. லைசென்ஸ் எண்ணைக் கேட்டு இமிக்ரேட் தளத்தில் தேடினால் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரியும். சொந்தக்காரர், பங்குப் பேரவை ஆள், பக்கத்து வீடு என்பதெல்லாம் ரசீதுக்குப் பதில் ஆகாது.

மெடிக்கல் பலர் கடைசியில் யோசிக்கும் விஷயம், முதலில் யோசிக்க வேண்டியது. வளைகுடா மெடிக்கலுக்குப் பதிவு செய்யும் தளம், முன்பு கம்கா என்றது, இப்போது வாஃபித். பதிவு செய்யும்போது ஊர் என்ற கட்டத்தில் திருவனந்தபுரம் கொடுத்தால் பக்கம். அவசரத்தில் சென்னை கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய டி.பி. தழும்பு இருந்தால், நோய் எப்போதோ குணமாகியிருந்தாலும், அன்ஃபிட் ஆகலாம். மஞ்சள்காமாலை பி, சி வைரஸும் அப்படியே. ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாகர்கோவிலில் ஏதாவது ஒரு லேபில் எக்ஸ்ரேயும் இந்த ரத்தப் பரிசோதனைகளும் எடுத்துப் பார்ப்பது செலவு குறைந்த முன்னெச்சரிக்கை.

குவைத் போன்ற நாடுகள் பி.சி.சி. எனும் போலீஸ் நற்சான்று கேட்கும். அது பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி எடுப்பது, எந்த நாட்டுக்கு என்று குறிப்பிட்டே தருவார்கள். தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்புச் சான்று வேறு. அதைக் கொண்டுபோனால் திருப்பிவிடுவார்கள். ஆதாரில் தக்கலை முகவரி, இப்போது தங்குவது திருப்பூர் என்றால் சரிபார்ப்பு இரண்டு ஸ்டேஷனுக்கும் போய் நாள் இழுக்கலாம். பட்டச் சான்றிதழ் முத்திரையிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு: சவுதி, ஓமன், பஹ்ரைனுக்கு அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் தரும் சர்வதேசச் சான்று) போதும், எமிரேட்ஸ், குவைத், கத்தாருக்கு வெளியுறவு அமைச்சக முத்திரைக்குப் பிறகு தூதரக முத்திரையும் வேண்டும். தவறான முத்திரை குத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

எந்தப் படிவத்திலும் உங்கள் சொந்த மொபைல் எண்ணும் ஈமெயிலும்தான் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தின் எண்ணோ ஏஜென்ட் எண்ணோ போனால் ஓ.டி.பி. எல்லாம் அங்கே போய், பின்னால் உங்கள் கோப்பை நீங்களே திறக்க முடியாது. விசா, ஒப்பந்தம், பாஸ்போர்ட்டின் முதல் கடைசிப் பக்கங்கள், ஏஜென்ட் ரசீது இவற்றின் பிரதி ஒன்று மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். கூடவே வெளிநாடு வாழ் இந்தியர் உதவி மையத்தின் இலவச எண் 1800 11 3090, வீட்டிலிருந்தே கூப்பிடலாம்.