ஆறில்லா ஊரின் அழகு

எந்தப் புது ஊருக்குப் போனாலும் ஆறு எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பேன். திருச்சியில் காவிரியைப் பார்த்து வளர்ந்தவள், பழக்கம் விடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடமும் அதையே கேட்டேன்.

"ஆறோ? இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை. வழுக்கையாறு எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் மாரிக்குத்தான் ஓடும். நீங்கள் கோட்டைக்குப் பக்கத்திலை பண்ணைக் கரைக்குப் போய்ப் பாருங்கோ."

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம். மழை உள்ளே இறங்கித் தங்கிவிடும், ஊர் அதைக் கிணற்றில் இறைத்துக்கொள்ளும். ஆனால் நகரின் தெற்கு ஓரம் முழுவதும் தண்ணீர்தான். வரைபடத்தில் கடல்நீரேரி, ஊர்க்காரர் வாயில் பரவைக்கடல். சரி, ஆற்றங்கரை இல்லாவிட்டால் இந்தக் கரை என்று முடிவு செய்தேன். கோட்டையில் தொடங்கி, குருநகர், பாசையூர் வழியாகக் கொழும்புத்துறை வரை நடை.

முதல் நாள் மாலையே கோட்டை மதிலில் ஏறிவிட்டேன். போர்த்துக்கீசரிடமிருந்து 1658இல் பிடித்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், இதை ஐந்து முனைக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். மதிலில் கை வைத்துப் பாருங்கள், பல கற்கள் முருகைக்கற்கள், கடலின் பவளப்பாறைக் கற்கள். பூப்பூவாக ஓட்டைகள், விரல் நுனியில் அரம்போல உரசும். உள்ளே ஒல்லாந்தர் தேவாலயம் இருந்த இடத்தில் போர் விட்டுவைத்த இடிபாடுதான் மிச்சம். கோட்டையை விட்டுச் சற்று நடந்தால் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடம். அது எரிந்த 1981ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம், சுமார் 97,000 புத்தகங்கள் என்று அப்பா எண்ணிக்கையோடுதான் சொல்வார். திருத்திக் கட்டிய அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று அவருக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஆனி மாதம், சோளகக் காற்று. தெற்கே தண்ணீர் மேலிருந்து வரும் காற்று ஈரமும் உப்புமாக முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஏழரைக்கெல்லாம் வெயில் ஏறிவிடும், கரையில் நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம்.

குருநகரில் நடை தானாகவே மெதுவாகிவிட்டது. ஒருபுறம் தொடர்மாடி வீடுகள், மறுபுறம் வரிசையாகப் படகுகள், நடுவில் விரித்துப் போட்ட வலைகள். தூரத்தில் தண்ணீருக்கு நடுவே இருவர் இடுப்பளவில் நின்றிருந்தார்கள். படகு எதுவும் பக்கத்தில் இல்லை. எப்படி அங்கே போனார்கள் என்று வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"நடந்துதான், பிள்ளை. இது பரவைக்கடல், கனதூரத்துக்கு ஆழமில்லை."

கம்புகளை வரிசையாக நட்டு, வலையைச் சுவர்போலக் கட்டி, ஓட்டத்தோடு வரும் மீனை ஒரு கூட்டுக்குள் திருப்பிவிடும் களங்கண்ணியைக் கையாலேயே மணலில் வரைந்து காட்டினார். ஓராவும் திரளியும் நண்டும் படுமாம். மார்கழி, தையில் வந்தால் பூநாரைகளையும் பார்க்கலாம் என்றார். அப்புறம் அவருடைய கேள்வி: "தனியாவோ வந்தனீங்கள்?" அன்று காலையில் அதை நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். யார் கேட்டதிலும் குற்றம் சாட்டும் தொனி இல்லை, கேட்ட ஒரு அக்கா பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொடுத்துத்தான் அனுப்பினார்.

மனம் கசந்த இடமும் உண்டு. சில இடங்களில் கரையோரம் முழுக்கப் பிளாஸ்டிக் போத்தல், பை, கிழிந்த நைலோன் வலை. இவ்வளவு ஆழமில்லாத நீரில் விழும் குப்பை மீன் குஞ்சுகளுக்கு நடுவேதான் கிடக்கும். காவிரிக்கு நாங்கள் செய்வதும் இதுதான் என்பதால் கோபத்தைவிட வருத்தமே அதிகம் வந்தது.

பாசையூர்ச் சந்தையில் ஏலம் அனல் பறந்தது. விலை கூவும் வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை, நண்டுகளின் நீலக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழுக்கு வேண்டிய மீனும் நண்டும் இங்கிருந்துதான் போகின்றன போலும். அன்று இரவு வீட்டு அம்மா வைத்த கூழில் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒடியல் மாவில் கெட்டியாகக் கிடந்தன. புளியும் உறைப்பும் இன்னும் நாக்கில் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி வாழ்ந்த கொழும்புத்துறைக்கு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. அக்கரையில் பூநகரி மெல்லிய கோடாகக்கூடத் தெரியவில்லை, அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை வெளிச்சம். துறையடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையனிடம், இறங்கலாமா என்று கேட்டேன்.

"இறங்குங்கோ அக்கா. அந்தக் கம்பு மட்டும் போகலாம், அங்காலை சேறு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் இளஞ்சூடு. காவிரியில் படித்துறையின் கடைசிப் படியைத் தாண்ட அம்மா என்னை ஒருநாளும் விட்டதில்லை. இங்கே கம்பு வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். அறுபத்திரண்டு அடி, தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்தபோது பையன் தூண்டிலை விட்டுவிட்டு என்னையே கவனித்துக்கொண்டு நின்றான். கையசைத்தேன், அவனும் அசைத்தான்.

ஓட்டோவில் திரும்பும்போது சுடிதார் ஓரத்தில் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது.