தொடாதீங்க

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற அருங்காட்சியகத்தில் காட்சிக்கூட உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு நாளில் நான் அதிகம் சொல்லும் சொல் ‘தொடாதீங்க’. பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் நாளில் நூறு தடவைக்குக் குறையாது.

ஏன் தொடக்கூடாது என்பதைச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். விரல் வேர்வையில் உப்பு இருக்கிறது. அது வெண்கலத்தில் பட்டு, ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சையாகப் பொடி பூக்கும். பூத்த இடத்தில் குழி விழும். மேலே துடைத்துவிட்டால் தீராது, உள்ளே அரித்துக்கொண்டே போகும். தந்தம் இன்னும் சீக்காளி. ஈரமும் ஆகாது, அதிகம் காய்ந்தாலும் வெடிப்பு விடும். நாற்பது டிகிரி வெயில் அடிக்கிற ஊரில், சுற்றிலும் அகழித் தண்ணீர் நிற்கிற கோட்டைக்குள் இரண்டையும் காப்பாற்ற வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்குப் போடும் சிலிக்கா ஜெல் மணிகள் காய்ந்திருக்கும்போது நீலமாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இளஞ்சிவப்பாக மாறிவிடும். எடுத்துச் சூடு காட்டினால் மறுபடி நீலம். காலையில் கூடத்தைத் திறந்ததும் முதலில் அந்த நிறத்தைத்தான் பார்ப்பேன், ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

கோட்டைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது திப்பு சுல்தான் குடும்பத்தையும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியையும்தான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. 1815-ல் வெள்ளைக்காரர்களிடம் பிடிபட்டு, மறு வருடம் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டவர் 1832-ல் சாகும்வரை ஊர் திரும்பவே இல்லை. சமாதி பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் இருக்கிறது. அவர் ஆடியதாகச் சொல்லப்படும் தந்தச் சதுரங்கப் பலகை ஒன்று உண்டு. பதினாறு வருடம், நாடில்லாத ராஜா, எதிரே ஒரு பலகை. அதற்கு முன்னால் நிற்கும்போது எனக்கு வேறு விளக்கம் எதுவும் சொல்லத் தோன்றியதில்லை.

காத்திருப்பவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்தவர்களின் துணையாட்கள். வங்காளம், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ. ‘ரிப்போர்ட் மூணு மணிக்கு’ என்று சொல்லியிருப்பார்கள், அதுவரை கோட்டையைச் சுற்றுவார்கள். ஒரு மழைக்காலத்தில் வங்காளக்காரர் ஒருவர் தொடர்ந்து ஆறு நாள் வந்தார். லேபிள் எதையும் படிக்க மாட்டார். சிலைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். என் தமிழ் அவருக்குப் புரியாது, அவர் பேச்சு எனக்குப் புரியாது. மூன்றாம் நாளிலிருந்து அவருக்காக ஜன்னலோரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன்.

ஆனால் இந்த வேலையை எனக்கு மாற்றிவிட்டவர் ஓர் ஆயா. பேரனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மகளோடு வந்திருந்தார். நடுகல்லுக்கு முன்னால் போய் நின்றவர் செருப்பைக் கழற்றினார். இடது கை வில்லைப் பிடித்திருக்க, இடுப்பில் குறுவாள் செருகிய வீரன். முகம் தேய்ந்துபோயிருக்கும். ஆயா அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. சட்டென்று நிறுத்தி, “எந்த ஊரு ஆயா?” என்றேன்.

“செங்கத்தாண்ட கண்ணு. எங்க வேடியப்பன் இது. இங்க ஏன் நிக்க வெச்சிக்கிறீங்க? ஒரு எண்ண இல்ல, பூவு இல்ல.”

எங்கள் லேபிளில் ‘நடுகல், கருங்கல்’ என்றுதான் இருக்கிறது. அதில் பிழை ஏதும் இல்லை. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரார் நட்ட கல். பழைய வடாற்காட்டில், அதிலும் செங்கம் பக்கத்தில், இவை ஏராளம். எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்றில், எஜமானோடு கள்ளரை எதிர்த்து நின்ற நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பேரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். அதே வீரன் ஆயாவுக்கு இன்னும் சாகவில்லை. வருடா வருடம் பொங்கல் வைக்கிறார், பேரன் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறார். கேட்டால் காது கொடுக்கிற சாமி அவன்.

அன்று ஆயாவுக்கு நான் உப்பையும் வேர்வையையும் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. தொட்டது தொட்டதுதான். கிளம்பும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் எடுத்தார். உண்டியலைத் தேடினார், இல்லை என்றதும் என் கையில் வைத்து அழுத்தினார். “எண்ண வாங்கி ஊத்து கண்ணு.”

கல்லுக்கு எண்ணெய் ஊற்ற எனக்கு உரிமை இல்லை. திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

சாயங்காலம் கூடத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, கோட்டைக்குள்ளேயே இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு நடந்தேன். அந்தக் கோயிலும் மூலவர் இல்லாமல், பூசை இல்லாமல் காலங்காலமாகச் சும்மா நின்றதுதான். வெள்ளைக்காரர்கள் அதை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். பிறகு பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பேர் வாங்கியது. சிற்பம் பார்க்க வருவார்களே தவிரக் கும்பிட ஆள் இல்லை. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஊர் ஜனங்கள் வைத்த பிறகுதான் மறுபடி விளக்கு எரிகிறது.

பத்து ரூபாய்க்கு ஒரு அகல் விளக்கு வாங்கினேன். ஏற்றும்போது செங்கத்து வேடியப்பன் பேரைச் சொன்னேன். பையன் பேரைக் கேட்க மறந்துவிட்டேன். அதனால் ஆயாவின் பேரன் என்று மட்டும் சொன்னேன்.