சூடான கம்பிக்கு ஸ்ட்ரெஸ் எங்கேர்ந்து வருது?

இரும்ப சூடு பண்ணா நீளும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா சூடு பண்ணா ஸ்ட்ரெஸ் (அதாவது பொருளுக்குள்ள ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் விழற விசை) வரும்னும் சேத்து சொல்லிடறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. கம்பி ஃப்ரீயா கிடந்து, சூடும் முழுக்க ஒரே மாதிரி ஏறுச்சுன்னா அது பாட்டுக்கு நீண்டுக்கும், உள்ள ஸ்ட்ரெஸ் துளிகூட இருக்காது. ரெண்டு முனையையும் அசைய விடாம பிடிச்சாதான் வம்பு.

1 மீட்டர் ஸ்டீல் ராடு எடுத்துக்கோங்க. 50 டிகிரி செல்சியஸ் ஏத்தினா 0.6 மில்லிமீட்டர் நீளும், அவ்ளோதான், கண்ணுக்கே சரியா தெரியாது. ஆனா ரெண்டு பக்கமும் அசையாத சுவர் இருந்தா அந்த 0.6 மில்லிமீட்டர திரும்ப உள்ள அமுக்கினதுக்கு சமம், 120 மெகாபாஸ்கல் ஸ்ட்ரெஸ், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 120 நியூட்டன் விசை வந்துடும், 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ராடுன்னா சுவர கிட்டத்தட்ட 3.8 டன் பாரம் வெச்ச மாதிரி தள்ளும்!

இதுல நீளத்துக்கு வேலையே இல்லங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். 10 மீட்டர் ராடுன்னா 6 மில்லிமீட்டர் நீளப் பாக்கும், ஆனா அது 10 மீட்டருக்கும் பரவிடுதே, அதனால ஸ்ட்ரெஸ் அதே 120தான். சரி, தடிமன கூட்டிடலாமான்னா அதுவும் உதவாது, ராடு தடிச்சா தள்ளற விசையும் அதே அளவுக்கு ஏறிடும், பாவம் சுவருக்குத்தான் கூடுதல் அடி. ராடு ஒல்லியா இருந்தா கதையே வேற, ஸ்டீல் தாங்காம போறதுக்கு முன்னாடியே பக்கவாட்டுல வளைஞ்சு வெளிய வந்துடும், கோடையில ரயில் தண்டவாளம் நெளியறதும் இதேதான்.

வளையாத அளவுக்கு குட்டையான தடி ராடா இருந்து இன்னும் சூடு ஏத்தினா? சாதாரண மைல்ட் ஸ்டீல் சுமார் 250 மெகாபாஸ்கல்ல ஈல்ட் ஆகும் (பழைய வடிவத்துக்கு முழுசா திரும்பாத நிலைக்குப் போயிடும்), அதாவது 100 டிகிரிக்கு கொஞ்சம் மேல ஏறினாலே போதும். அதுக்கப்புறம் நீள இடமில்லாம நசுங்கி நிரந்தரமா குட்டையாயிடும், சூடா இருக்கற வரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது. ஆறினதும் பாருங்க, சுவருக்கு நடுவுல சும்மா நிறுத்தி வெச்ச ராடா இருந்தா இடைவெளி விட்டு லூஸாயிடும், சுவரோட வெல்டு பண்ணியிருந்தா சுருங்க முடியாம இழுக்க ஆரம்பிக்கும், இப்ப இழுவிசை. வெல்டிங் முடிஞ்ச தகடு ஆற ஆற ஒரு பக்கமா இழுத்துக்கறதுக்கும் இதான் காரணம், அங்க சுவர் வேலைய பக்கத்துல இருக்கற சூடாகாத இரும்பே பாத்துடுது.