தில்லிக் குளிரில் மூலிகைத் தேநீர்: இதுவரை நடந்தது

கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லியில் தொண்டைக்குச் சோதனைக் காலம். மயூர் விகாரில் புகையும் பனியும் சேர்ந்து எதிர்க் கட்டடத்தையே மறைக்கின்றன. பொட்டலத்தில் விற்கும் மூலிகைத் தேநீர் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எதைப் பிரித்தாலும் ஏலக்காய் வாசம் ஒன்றுதான். சரக்கை நாமே வாங்கிவிடலாம் என்று பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லிக்குப் போனேன். ஃபதேபுரி மசூதியை ஒட்டிய அந்தத் தெருவில் மிளகாய் மூட்டைகளைத் தும்மாமல் கடப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். அதிமதுரத்தை முலேட்டி என்றும் சித்தரத்தையைக் குலஞ்சன் என்றும் கேட்டால் உடனே நிறுத்துத் தருகிறார்கள்.

முதலில் சுக்கு மல்லி. மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, கொஞ்சம் மிளகு. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பதால் சுக்கின் தோலைச் சீவிவிட்டேன். மல்லியை வாசம் வரும்வரை வறுத்து, எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்தேன். மாவாக அரைத்தால் தம்ளரின் அடியில் சேறுதான் தங்கும். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சராலில் ஒரு பகுதி, இன்னும் உறைப்பான ஷோகாலாக மாறுகிறது. அதனால் சுக்கில் கை தாராளம் கூடாது.

அடுத்தது துளசி. இதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் வழக்கு. “கஷாயம் என்றால் சுண்டக் காய்ச்ச வேண்டாமா?” என்றார். சரி என்று ஒரே அளவு இலையை இரண்டு பாத்திரத்தில் போட்டேன். ஒன்றை மூடாமல் கொதிக்கவிட்டேன். மற்றதில் கொதித்த நீரை ஊற்றித் தட்டால் மூடி வைத்தேன். கொதித்ததில் வீடெல்லாம் துளசி மணம், தம்ளரில் கசப்புத்தான் மிச்சம். அந்த மணம் ஆவியாகும் எண்ணெயில் இருப்பது. ஆவியோடு அதுவும் போய்விடுகிறது. மூடி வைத்ததில் மணம் அப்படியே நின்றது. தட்டின் அடியில் கோத்திருக்கும் துளிகளைக்கூட இப்போது தம்ளருக்குள்ளேயே தட்டிவிடுகிறேன். ஆனால் அப்பா சொன்னது வேர்களுக்குப் பொருந்தும். சித்தரத்தை வெறுமனே ஊறினால் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. இடித்துப் போட்டு, பாதியாகச் சுண்டினால்தான் வழிக்கு வருகிறது. நிலவேம்புக் குடிநீரை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஒன்பது சரக்கு சேரும் மருந்து அது. மாலை நேரத்துச் சுவைக்காகக் குடிப்பதற்கில்லை.

அதிமதுரம் ஒரு துண்டு போட்டால் சர்க்கரையே வேண்டாம். இருந்தாலும் அப்பாவின் தம்ளருக்கு அது போவதில்லை. அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இரண்டு பாத்திரம் வைப்பது தொல்லைதான், வேறு வழியில்லை.

மார்கழியில் சங்குப்பூ. காய்ந்த பூ நீரை நீலமாக்கியது, எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறியது. மகள் கைதட்டினாள். கண்ணுக்கு விருந்து, நாக்குக்கு ஒன்றுமில்லை. பால்கனியில் இருந்த கற்பூரவல்லி குளிரில் துவண்டதால் சமையலறை ஜன்னலுக்கு இடம் மாறியிருக்கிறது.

தை மாதம் ஊரிலிருந்து கருப்பட்டியும் ஆவாரம்பூவும் வருகின்றன. ஆவாரம்பூவை ஒரு கொதி விட வேண்டும் என்கிறார் அம்மா. வெந்நீரில் ஊறினால் போதும் என்கிறார் அத்தை. இரண்டு பாத்திரமும் தயாராக இருக்கின்றன.