பச்சை ஜெர்சியில் 19

“அதே டீம்தானே சார்” என்று கடைக்கு வந்த ஒருவரிடம் நான் சொன்னது பொய் இல்லை. 1997 வரை கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் என்ற பெயரில் ஆடிய ஐஸ் ஹாக்கி அணிதான் அந்த வருஷமே வட கரோலினாவுக்கு வந்து கரோலினா ஹரிகேன்ஸ் ஆனது. அப்போது உரிமையாளர் மாறவில்லை, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்லின் பதிவேட்டிலும் இரண்டும் ஒரே அணிதான். கவுன்டரில் நின்று நான் சொன்ன அந்த மூன்று வார்த்தையில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இருந்தும் அவை என்னை விடவில்லை.

2018 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் புரூயின்ஸோடு ஆடும்போது பழைய பச்சை வேலர்ஸ் ஜெர்சியைப் போடப்போவதாக ஹரிகேன்ஸ் முன்பே அறிவித்திருந்தது. கிறிஸ்துமஸும் கூடவே வந்ததால் ஹரிகேன்ஸின் ஊரான ராலியில் விளையாட்டுப் பொருள் கடைகளில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. ஜெர்சியின் முதுகில் பெயரும் எண்ணும் வைப்பது என் வேலை. துணியில் வெட்டிய எழுத்துகளைப் பெயர்ப்பட்டையில் அடுக்கி, சூட்டு அச்சில் அழுத்தி ஒட்டி, ஓரம் முழுக்க ஜிக்ஜாக் தையல் போட்டு, பட்டையை ஜெர்சியோடு சேர்த்துத் தைக்கவேண்டும். தைத்துவிட்டால் கடை திருப்பி எடுத்துக்கொள்ளாது. அதனால் சீட்டில் எழுதியிருப்பதைத் தைப்பதும், எழுத்துப்பிழை போலத் தெரிந்தால் மட்டும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்பதும்தான் பழக்கம். யாருடைய பெயர், எந்த எண் என்பதில் எங்களுக்கு வாய் கிடையாது.

நான் அப்படிச் சொன்னவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். தைக்கக் கொடுத்திருந்த தன் ஜெர்சியை வாங்கிப்போக வந்தவர், மேசைமேல் கிடந்த இன்னொரு பச்சை ஜெர்சியைப் பார்த்துவிட்டார். ஹாமில்டன், 19. நான் நூல் நுனிகளை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“இந்த எண்ணை ஹார்ட்ஃபோர்டில் யாருக்கும் கொடுப்பதில்லை, தெரியுமா?”

“டகி ஹாமில்டன் இங்கே 19தான் போடுகிறார் சார்.”

“சிவப்பு ஜெர்சியில் போடட்டும். இது பச்சை.”

அப்போதுதான் அதைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “அதே டீம் என்றால் இருபத்தோரு வருஷமாக எங்கே போயிருந்தது?” என்று மட்டும் கேட்டார். பணத்தைக் கட்டிவிட்டு, கிளம்பும்போது, “இதை வாங்க வருகிறவரிடம் சொல்வீர்களா?” என்றார்.

“கேட்டால் சொல்வேன்.”

சாயங்காலம் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். பன்னிரண்டு வயது இருக்கலாம். உறையிலிருந்து எடுத்த கையோடு ஸ்வெட்டர் மேலேயே போட்டுக்கொண்டான். அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

19 யாருடையது என்று அன்று இரவுதான் தேடிப் பார்த்தேன். ஜான் மெக்கென்சி. பாஸ்டனுக்காக 1970இலும் 1972இலும் என்.எச்.எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வென்றவர், ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் காலத்தில் வேலர்ஸுக்கு வந்தவர். அந்த அணி என்.எச்.எல்லில் சேர்ந்தது 1979இல்; இவர் ஆடியது அதற்கு முன்பு, என்.எச்.எல்லுக்குப் போட்டியாக நடந்த வேறொரு லீக்கில் அணி இருந்த காலத்தில். அவர் எண் இனி யாருக்கும் இல்லை என்று அதைப் பதாகையாக அரங்கத்தின் கூரையில் ஏற்றிவிட்டார்கள். அவர் இறந்தது 2018 ஜூனில். அதாவது அந்த டிசம்பருக்கு ஆறு மாதம் முன்பு. ஹாமில்டன் கரோலினாவுக்கு வந்ததும் அதே ஜூனில்தான், அவரும் முன்பு பாஸ்டனில் ஆடியவர்தான். ஹாமில்டன் மேல் ஒரு தப்பும் இல்லை. ராலியில் 19 காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டார். ஹார்ட்ஃபோர்டில் விலக்கி வைத்த எண்களில் 2ஐயும் 19ஐயும் ஹரிகேன்ஸ் அப்படிக் கணக்கில் வைத்துக்கொள்ளவே இல்லை.

2இன் கதை இன்னும் உறுத்துகிறது. அது ஹார்ட்ஃபோர்டில் கேப்டனாக இருந்த ரிக் லேயின் எண். கிளென் வெஸ்லி என்ற ஆட்டக்காரர் அங்கே ஆடிய காலம் முழுக்க 20 போட்டார், 2 கிடைக்காது என்பதால். அணி தெற்கே வந்ததும் 2ஐப் போட்டுக்கொண்டார். 2006இல் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். 2009இல் ராலியில் 2ஐ மறுபடியும் விலக்கி வைத்தார்கள், இந்த முறை வெஸ்லியின் பெயரில். ஒரே அணி, ஒரே எண், இரண்டு ஊரில் இரண்டு பேருக்கு நிரந்தரம். “அதே டீம்தானே” என்று இதைத் தெரிந்துகொண்ட பிறகும் என்னால் சொல்லியிருக்க முடியுமா என்று யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அவ்வளவு சட்டென்று வாயில் வந்திருக்காது.

என் பக்கமும் ஒன்று உண்டு. அன்று கடைக்கு வந்த ஹார்ட்ஃபோர்ட்காரர் தைத்து வாங்கிப்போனது டினீன், 11. 1997 ஏப்ரல் 13 அன்று டாம்பா பே அணியை 2–1 என்று வென்ற கடைசி ஆட்டத்தில், வேலர்ஸின் கடைசி கோலை அடித்தவர் கெவின் டினீன். அந்த 11ஐ இப்போது ஹரிகேன்ஸில் ஜோர்டன் ஸ்டால் போடுகிறார். பச்சை ஜெர்சியில் ஸ்டால் 11 நான் நிறையத் தைத்தேன், அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. டினீனை விடவா மெக்கென்சியை ஹார்ட்ஃபோர்டில் நினைக்கிறார்கள்? அப்படியானால் அவரை வருத்தியது எண் அல்ல. கூரையில் ஏற்றும்போது ஓர் ஊர் கொடுத்த வாக்கு. கிளம்பிப்போன அணி அந்த வாக்கைத் தன்னோடு எடுத்துப் போகவில்லை. ஜெர்சியை மட்டும் எடுத்துக்கொண்டது. இப்படி யோசிக்கும்போது அவர் பேச்சு நியாயமாகிறது. ஆனால் ஊர் கொடுத்த வாக்குக்கு, ராலியில் பிறந்து வளர்ந்த ஒரு பையன் எப்படிப் பொறுப்பாவான்? இங்கே வந்ததும் என் எண்ணம் திரும்பிக்கொள்கிறது.

கடையில் என்னோடு வேலை பார்த்த பெரியவர் கிரீன்ஸ்பரோ காலத்து ரசிகர். ராலி அரங்கம் கட்டி முடியாததால் ஹரிகேன்ஸ் முதல் இரண்டு சீசனை கிரீன்ஸ்பரோவில் ஆடியது. சுமார் 130 கிலோமீட்டர். வேலை முடிந்து வண்டி ஓட்டிப் போய், பாதிக்கு மேல் காலி நாற்காலியாக இருந்த கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். நான் அன்று நடந்ததைச் சொன்னபோது அவர் ஹார்ட்ஃபோர்ட்காரருக்காகக் கொஞ்சமும் வருந்தவில்லை. “எங்களுக்கு 2006 இருக்கிறது. நாங்கள் ஏன் அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொள்ளவேண்டும்?” என்றார். இந்தப் பக்கத்தை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. அந்த ராத்திரி ஹார்ட்ஃபோர்டுக்கு வலிக்கும் என்று மட்டும்தான் எல்லாரும் பேசினார்கள். யாரும் வராத காலத்தில் இங்கே வந்து நின்றவர்களுக்கு, தாங்கள் கட்டி எழுப்பியது போதவில்லை என்று சொன்னதுபோல இருக்கும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் பக்கத்தில் பிழைப்புக்காக ஊர் மாறுகிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் கோயில் எழுப்புவார்கள். பழைய கோயிலில் சாமி இருந்த இடத்திலேயே இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை போய்வரலாம். வேலர்ஸ் விஷயத்தில் மண் ஹார்ட்ஃபோர்டில் கிடந்தது, சாமியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். கொண்டுவந்தவர்கள் இருபது வருஷம் வேறு பெயரில் கும்பிட்டுவிட்டு, ஒருநாள் பழைய அலங்காரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அங்கேயோ அணி போன பிறகும் ரசிகர் மன்றம் கலையவில்லை. பச்சையும் நீலமும் இன்றும் அந்த ஊர் பேஸ்பால் அணியின் சீருடையில் இருக்கின்றன. 2010இல் அங்கிருந்த சிறு லீக் ஹாக்கி அணிக்கே கனெக்டிகட் வேல் (ஆங்கிலத்தில் திமிங்கிலம்) என்று பெயர் வைத்து 2013 வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஆடுவதற்கு ஆளில்லாமல் ஓர் ஊர் இவ்வளவு காலம் ஒரு நிறத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அந்தச் சின்னம் அப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். பீட்டர் குட் 1979இல் வரைந்தது. கீழே வேலர்ஸின் டபிள்யூ, மேலே திமிங்கிலத்தின் வால், இரண்டுக்கும் நடுவே விட்ட வெள்ளை இடத்தில் ஹெச். அந்த எழுத்து ஹார்ட்ஃபோர்டுக்கு உரியது. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைச் சின்னத்திலிருந்து பிரித்தெடுக்கவே வழியில்லை. ராலி அரங்கத்தில் அன்று அதை மார்பில் போட்டு ஆடிய ஒவ்வொருவரும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் எழுத்தைச் சுமந்தார்கள்.

ஊரைச் சுமந்துகொண்டு வந்த ஆட்களோ அந்த வருஷம்தான் போனார்கள். சக் கைடன் 1979இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கி, அணியோடு இடம்பெயர்ந்து, 2018 வரை அதன் வானொலிக் குரலாக இருந்தவர். அந்தக் கோடையில் புது ஒப்பந்தம் ஒத்துவராமல் விலகினார். 1981இல் ஹார்ட்ஃபோர்ட் தேர்ந்தெடுத்த ரான் பிரான்சிஸ், இரு ஊர்களிலும் கொண்டாடப்பட்டவர், பொது மேலாளர் பொறுப்பிலிருந்து அந்த மார்ச்சில்தான் எடுக்கப்பட்டார். காரணங்கள் வேறு வேறு, ஹாக்கி நிர்வாகத்தில் இது வழக்கம், புது உரிமையாளர் வந்தால் ஆட்கள் மாறுவார்கள். ஆனாலும் தொடர்ச்சியை உடம்பில் வைத்திருந்த இரண்டு பேர் போன வருஷத்தில் துணி திரும்பி வந்ததை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதற்கு நல்ல வழி ஏதாவது உண்டா என்று தேடினால் கனடாவின் வின்னிபெக் வருகிறது. அந்த ஊரின் பழைய ஹாக்கி அணியான ஜெட்ஸ் 1996இல் அரிசோனாவின் பீனிக்ஸுக்குப் போனது. வின்னிபெக்கில் ஆடிய பாபி ஹல்லின் 9ம் டேல் ஹாவர்ச்சக்கின் 10ம் அரிசோனாக் கூரையில் தொங்கின. 2011இல் அட்லாண்டாவிலிருந்து வேறோர் அணி வின்னிபெக்குக்கு வந்து ஜெட்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஊருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது, சாதனைக் கணக்கு மட்டும் பாலைவனத்தில் நின்றது. ஆனால் பீனிக்ஸில் ஒன்று செய்தார்கள்: 2005இல் பாபியின் மகன் பிரெட் ஹல் அங்கே ஆட வந்தபோது, அப்பாவின் சம்மதத்தோடு 9ஐக் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். கேட்டுவிட்டுச் செய்தார்கள். ராலியில் 19க்காக யாரிடம் கேட்டிருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. மெக்கென்சி இல்லை. ஹார்ட்ஃபோர்டில் அணியும் இல்லை. கவுன்டருக்கு வந்த அந்த மனிதரிடமா?

23ஆம் தேதி ஹரிகேன்ஸ் 5–3 என்று வென்றது. ஹார்ட்ஃபோர்டில் கோல் விழும்போது ஒலித்த அதே இசையைப் போட்டார்கள். கடைப் பெரியவரும் அதற்குக் கைதட்டினார் என்று அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. 2019 மார்ச்சில் பாஸ்டனுக்கும் பச்சையிலேயே போனார்கள். அங்கிருந்து ஹார்ட்ஃபோர்ட் 160 கிலோமீட்டர்தான், வந்து பார்த்தவர்கள் இருப்பார்கள். ஹார்ட்ஃபோர்ட்காரர்களில் எத்தனை பேர் அழுதார்கள், எத்தனை பேர் கோபத்தில் டிவியை அணைத்தார்கள் என்று யாரும் எண்ணப்போவதில்லை. இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அன்று என் முன்னால் நின்றவரும், கோபத்தோடு பேசிவிட்டு, காசு கொடுத்து அந்த ஜெர்சியை வாங்கித்தான் போனார்.

அதற்குப் பிறகு, பச்சையில் 2 அல்லது 19 என்று யாராவது எழுதிக் கொடுத்தால் தைப்பதற்கு முன் கூப்பிட்டுச் சொல்கிறேன். எழுத்துப்பிழைக்குக் கூப்பிடுவது போலத்தான், இந்த எண் இன்னாருடையது என்று ஒரு வரி. சிலர் நன்றி சொல்லிவிட்டு எண்ணை மாற்றாமலே விட்டார்கள். ஓரிருவர் பெயரை மெக்கென்சி என்று மாற்றச் சொன்னார்கள். இது நம் வேலை இல்லை, விற்பனையில் தயக்கம் உண்டாகும் என்று மேலாளர் சொன்னார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. பிறந்த நாளுக்கு ஆசையாக ஒன்று வாங்க வந்தவர் தலையில் செத்துப்போன அணியின் துக்கத்தை ஏன் இறக்கவேண்டும்? நான் நிறுத்தவில்லை. அந்தப் பையனிடம் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைப்பதால் இதைச் செய்கிறேனா என்றால், அதுவும் இல்லை. அவன் இன்று வந்தாலும், உறையைப் பிரிக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேனா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஹாமில்டன் 2021இல் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார், அங்கே அவர் எண் 7. ஹாமில்டன் 19 என்று பச்சையில் தைத்துத் தரச்சொல்லி இப்போதும் எப்போதாவது யாராவது கேட்கிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன்.